குடும்பப் பெயர் மட்டும் இருந்த அட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு துளை வழியாகக் கிடைத்தது. மசாஜ் மேசையின் தலைப்பக்கத்தில் முகத்தைப் பதித்துக்கொள்ள ஒரு வட்டத் துளை இருக்கும். அதில் முகத்தை வைத்தால் தரையும், பிடித்துவிடுபவரின் செருப்பு நுனியும் மட்டுமே தெரியும். எழுபத்தொன்பது வயதுவரை நான் அப்படிப் படுத்ததில்லை. படுத்த முதல் நாளே, என்னிடம் சொல்லக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டு எழுந்தேன். அதை வெளியே சொல்ல எனக்கு உரிமையில்லை. கதை என்றால் பெயரை மாற்றிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

(மாற்றியும் பார்த்தேன். பல் மருத்துவரைக் கடிகாரம் பழுதுபார்ப்பவராக்கினேன். எங்கள் ஊரான ஹார்னோசாண்டை வேறொரு துறைமுக ஊராக்கினேன். மகளை மருமகனாக்கினேன். மூன்று பக்கம் ஓடியது. அந்த மருமகனுக்கு எங்கேயும் வலிக்கவே இல்லை. கிழித்துப் போட்டேன்.)

ஆகவே உள்ளபடியே: என் பெயர் சிக்ஸ்டன் ஆல்மார்க். ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் முதுகு வலித்ததில்லை."

கம்பீரமான வாக்கியம். கிளினிக்கைத் தொடங்கிய என் அப்பா இதை விருந்துகளில் சொல்வார். அவர் வெள்ளை அங்கிக்குள் தோலால் செய்த இடுப்புக் கச்சை கட்டியிருந்தார். அவர் இறந்த மறுநாள் அம்மா அதை அலமாரியிலிருந்து எடுத்து, எங்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அடுப்பில் போட்டாள். தோல் எரிந்த நாற்றம் தோட்டம்வரை வந்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு நானும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறர் வாய்க்குள் எட்டிப் பார்க்கும் தொழில் இது. தலை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், முழங்கை அந்தரத்தில் நிற்க வேண்டும், கை மட்டும் அசையக்கூடாது. நாற்பது ஆண்டுகளில் கழுத்துத் தசை ஈரக் கயிறுபோல முறுக்கேறிவிடும். இப்போது கிளினிக்கை நடத்தும் என் மகள் இல்வா, வியாழக்கிழமைதோறும் மாய்லிஸ் என்ற பெண்ணை வரவழைத்தாள். பழைய பல் அச்சுகள் அடுக்கியிருந்த பின்னறையில் மேசை போட்டு, ஊழியர் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேர மசாஜ். எங்கள் நாட்டில் பாதி அலுவலகங்களில் இது உண்டு. நான் இதைச் சோம்பேறிகளின் சலுகை என்றேன். தடுக்க முடியவில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன்: பட்டியலிலும் குறிப்பு அட்டைகளிலும் குடும்பப் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். மந்திரியைக்கூட முதல் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாடு இது. எங்கள் கிளினிக் அப்படியில்லை.

3

போன வியாழக்கிழமை இல்வாவின் நோயாளி ஒருவருக்கு நாற்காலியிலேயே பல் உடைந்துவிட்டது. நான் வழக்கம்போலக் காப்பி அறையில் இருந்தேன். அவள் முகமூடியை இறக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, என் அரைமணி நேரம் சும்மா போகுது. நீங்க போய்ப் படுங்க."

"எனக்கென்ன கேடு?"

"ஒண்ணுமில்லை, தெரியும். உங்களுக்குத்தான் எப்பவும் ஒண்ணுமில்லையே. கதவைச் சாத்திக்குவாங்க, யாரும் பாக்க மாட்டாங்க."

மாய்லிஸுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக யோர்மா என்ற பின்லாந்துக்காரர் வந்திருந்தார். நான் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து ஓர் அட்டையை எடுத்து வாய்விட்டுப் படித்தார். ஆல்மார்க். கட்டைவிரலைத் தோளில் வைத்து அழுத்தினார்.

"வலது கட்டைவிரல் இன்னும் மரத்துப் போகுதா?"

துளை வழியாக அவர் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்காட்டி விரலும்னு மாய்லிஸ் எழுதியிருக்காங்க. இது கழுத்துலேர்ந்து வருது, டாக்டரைப் பாருங்கன்னு மூணு வாரமாச் சொல்லியிருக்காங்க. நீங்க போகலை. அந்தக் கையிலதான் இன்னும் ட்ரில் பிடிக்கிறீங்க." அட்டையை வைக்கும் சத்தம் கேட்டது. "அப்பாகிட்ட இன்னும் சொல்லலையா?"

எண்பதை நெருங்குகிறவனிடம் கேட்கும் கேள்வி இது. அவர் படித்தது, அதே குடும்பப் பெயர் கொண்ட இல்வாவின் அட்டை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

"இல்லை," என்றேன்.

"ஏன்?"

"அவர் தாங்க மாட்டார்."

"அவரு தாங்குவாரு. வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்கிறவங்க தாங்குவாங்களா?"

4

யோர்மா என்ற பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. நரைத்த தலையும் தொங்கும் தோலும் அந்த மனிதருக்குத் தெரியாதா? வாசகர் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். முதல் பிரதியில் அவரை முட்டாளாக்கினேன். அவர்மீது புகார் எழுதி, ஒரே பத்தியில் வேலையிலிருந்தும் நீக்கினேன். குடும்ப மானம் போகும்போது யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டியிருக்கிறது.

பிறகு அந்தப் பத்தியை அடித்தேன். காரணம், கை கழுவிக்கொண்டே அவர் கடைசியாகச் சொன்னது: "நிறையத் தண்ணி குடிங்க. வயசானவங்களுக்கு இதுக்கப்புறம் தலை சுத்தும்."

அட்டையில் உள்ளதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் கட்டுப்பாடு. ஆனால் தவறு யாருக்கும் நேரலாம். இந்தத் தவறு தானாக நேர்ந்ததா, அவர் வேண்டுமென்றே செய்ததா என்று எழுதுகிறவன் தீர்மானிக்கலாம். என்னால் முடியவில்லை.

[அடிக்குறிப்பு: அந்த மேசைக்கு என்னை அனுப்பியவள் இல்வா. அங்கே அவளுடைய அட்டை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இதற்குமேல் இந்தக் குறிப்பை வளர்க்க எனக்குத் துணிவில்லை.]

5

செப்டம்பரில் கிளினிக்குக்கு நூற்றாண்டு விழா. அதுவரை மறைத்துவிடலாம் என்பது இல்வாவின் கணக்கு. யாரிடம் கற்றாள்?

1987 மார்ச்சில் ஒரு பெண்ணின் நாக்கை

(இந்த வாக்கியம் நான்கு நாள் இப்படியே நின்றது.)

1987 மார்ச்சில் ஒரு பெண்ணின் நாக்கை என் ட்ரில் கிழித்தது. ஏழு தையல். அவள் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். அன்று காலையிலிருந்தே என் விரல்கள் மரத்திருந்தன. எனக்கு அது தெரியும். "நீங்க அசைஞ்சிட்டீங்க," என்றேன். வாய் நிறைய ரத்தத்தோடு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்தேன். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் நான் கேட்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே அதே கையால் ரொட்டியை மெல்லிசாக நறுக்கிக் காட்டுகிறாள். நான் நம்பிவிடுகிறேன். நம்பிவிடுவேன் என்பதுதான் பயம்.

இன்னொன்றில் என் பழைய டாக்டர் நண்பரிடம் சொல்கிறேன். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அவள் என் முகத்தில் விழிப்பதில்லை.

மூன்றாவதில் நான் செப்டம்பர்வரை வாயை மூடிக்கொள்கிறேன். விழா நன்றாக நடக்கிறது. அதற்கிடையில் தினமும் எட்டுப் பேர் அவள் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். அதில் ஒருத்தி

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

முடிவை வாசகரிடம் விடுகிறேன். எல்லா வாசகருக்கும் முன்னால் ஒரே ஒருத்தியிடம்.

இல்வா, நாளைக் காலை எட்டு மணிக்கு உனக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருக்கிறது. நீ கையுறை மாட்டுவதற்குள் இந்தத் தாள்கள் உன் மேசையில் இருக்கும். நான் பக்கத்து அறையில் இருப்பேன், கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும் அங்கேதான் இருப்பேன். கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உன் முடிவை அங்கே எழுது. இடது கையால் எழுது. எழுத்து கோணலாக இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.