ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த சந்திராவுக்கு முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம், வேலூர் ஆஸ்பத்திரியில். அதற்கு முன் மூன்று தடவை கரு தங்கி, மூன்று தடவையும் கலைந்துபோயிருந்தது. கல்யாணமானதிலிருந்து தெருவில் யார் எதிரே வந்தாலும் முதலில் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுபோனது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. குளிக்கும்போதுகூட தையல் போட்ட இடத்தைத் தொடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

மறு வருஷம் பக்கத்து வீட்டுக்கு அஃப்ஸர் ஜஹான் வந்து சேர்ந்தாள். இருபத்து நான்கு வயது. புருஷனோடு குவைத்தில் இருந்தவள். அவன் வேறு கம்பெனிக்கு மாறியதால் புது விசா வரும்வரை தாய்வீட்டில் இருக்க வந்திருந்தாள். குவைத்தில் மாடிவீட்டு எகிப்துக்காரி ஒருத்தி அவளுக்கு அந்த ஊர் ஆட்டத்தைச் சொல்லித் தந்திருந்தாள். கல்யாண வீடுகளில் பெண்கள் மட்டும் கூடி ஆடுவது. காலைவிட இடுப்புக்கும் வயிற்றுக்கும்தான் அதில் வேலை ஜாஸ்தி. இங்கே வந்து பொழுது போகாமல், ஞாயிறு மத்தியானங்களில் ஜன்னலுக்குத் திரை போட்டு, தெரிந்த பெண்களுக்குக் கற்றுத்தர ஆரம்பித்தாள்.

வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன சந்திரா, டேப் ரிக்கார்டரில் ஓடிய மேளத்தைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நீங்களும் வந்து ஆடுங்கள் என்று அஃப்ஸர் ஜஹான் உள்ளே கூப்பிட்டாள். தனக்கு ஆபரேஷன் ஆனதைச் சந்திரா சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள் அந்தப் பெண். வருஷம் ஒன்று ஆகிவிட்டது, எல்லா வேலையும் செய்யலாம் என்றார் என்றாள் இவள்.

"அப்ப இதுவும் ஒரு வேலதாங்க்கா. வலிச்சா நிறுத்திடுங்க."

வலிக்கவில்லை. ஆனால் ஒன்றும் வரவும் இல்லை. வருஷக்கணக்கில் மிஷினில் குனிந்தே இருந்த உடம்பு. இடுப்பை மட்டும் அசைக்கச் சொன்னால் தோளும் தலையும் சேர்ந்து ஆடின. உடன் கற்ற பில்கிஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். சந்திராவுக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்படிச் சிரித்தே எத்தனையோ நாளாகியிருந்தது. கம்பெனியில் பெருக்கித் தள்ளும் பித்தளை வளையங்களை, ஷூவில் நாடா கோக்க அடிப்பார்களே, அவற்றைக் கேட்டு வாங்கிவந்து பழைய துப்பட்டாவில் தைத்தாள். அதை இடுப்பில் கட்டினால் தப்பாக ஆடும்போதும் சத்தம் ஜோராக வந்தது.

மேல்வயிற்றிலிருந்து அடிவயிறு வரை அலைபோல இறக்குவதுதான் கடைசிவரை வராமல் பேஜாராக இருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்றாள் அஃப்ஸர் ஜஹான். கை போகவில்லை. புடவை மடிப்பைச் சரி செய்வதுபோல் நேரத்தைக் கடத்தினாள். அஃப்ஸர் ஜஹான் அவசரப்படுத்தவில்லை, கேசட்டை மட்டும் திரும்பவும் போட்டாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் சந்திரா தானாகவே தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மூச்சை இழுத்து மெல்ல விட்டாள். கைக்கடியில் வயிறு உருண்டு இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள்.

விஷயம் அவள் புருஷன் நந்தகோபால் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்புக்கும் போய்விட்டது. உன் பெண்டாட்டி காபரே கற்றுக்கொள்கிறாளாமே என்று கூட வேலை செய்யும் கன்னியப்பன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டானாம். நந்தகோபால் சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சொல்லி, நிஜமா என்றான்.

"பொம்பளைங்க மட்டுந்தான் ஆட்றோம்," என்றாள். பிறகு சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த வயித்த இத்தன வருஷமா ஊரே பாத்துச்சு. நான்தான் பாக்கல. இப்பதாங்க பாக்கறேன்."

அவன் குழம்பை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகாதே என்று சொல்லவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டாள்.

தை மாதம் அஃப்ஸர் ஜஹானுக்கு விசா வந்தது. பெண்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இனி நீங்களே நடத்துங்கள் என்று அவள் சந்திராவிடம் கேசட்டைக் கொடுத்தாள். எனக்குப் பாதிதானே தெரியும் என்று சந்திரா தயங்கினாள்.

"எனக்கு மட்டும் முழுசா தெரியுமா? அந்த எகிப்துக்காரி நான் ஆட்றத பாத்தா இன்னிக்கும் சிரிப்பா அக்கா."

சந்திராவின் வீடு ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அது வேண்டும் என்று புருஷனிடம் கேட்க இரண்டு நாள் யோசித்தாள். கேட்டதும் நந்தகோபால் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாத்தினான். டேப் ரிக்கார்டர் யாரிடம் வாங்குவது என்று மட்டும் கேட்டான். பில்கிஸ் வீட்டில் இருக்கிறது என்றாள்.

அந்த ஞாயிறு பழைய பெண்களோடு, தையல் செக்‌ஷனிலிருந்து கெங்கம்மாளும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். எனக்கெல்லாம் வருமா என்றாள். வராது, மொதல்ல யாருக்கும் வராது என்று சொல்லி, சந்திரா வளையங்கள் குலுங்க நடுவில் போய் நின்றாள்.

ஐந்து மணிக்கு நந்தகோபால் திரும்பியபோது உள்ளே மேளம் இன்னும் ஓயவில்லை. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தான். சொந்த வீட்டுக்கு வெளியே இன்னா பண்றே என்று வழியில் போன ஒருவர் கேட்டார்.

"உள்ள க்ளாஸ் நடக்குது," என்றான் நந்தகோபால். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவர் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.