குதிரை ஏன் செத்துக் கிடக்கிறது?

1

இது கதையாகப் பிறக்கவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்ட அறிக்கையாகப் பிறந்தது. 'வாசிப்பு மாதத்தில் தங்கள் பள்ளியில் நடந்த நிகழ்ச்சிகள். ஒரு பக்கத்துக்கு மிகாமல்.' எட்டாவது பக்கம் எழுதும்போதுதான் இதை அங்கே அனுப்ப முடியாது என்று உறைத்தது. அதற்குள் ஒரு குதிரை செத்திருந்தது. நான் செய்த தப்பு ஒன்றும் உள்ளே நுழைந்திருந்தது. ஆகவே உங்களிடம் தருகிறேன்.

நாரின் நகரத்துக்குப் பக்கத்து மலைப்பள்ளி ஒன்றில் நூலகம் பார்த்துக்கொள்பவள் நான்; பிள்ளைகளுக்கு 'எஜே', அதாவது அக்கா. எழுதிப் பார்த்த முதல் வரிகள் இவை:

"பனி உருகத் தொடங்கிய ஏப்ரல் மாதத்தில்..." (அடித்துவிட்டேன். பனி தானாக உருகும், என் உதவி வேண்டாம்.)

"வாசிப்பு என்பது..." (இப்படித் தொடங்கும் எதையும் நானே வாசிக்க மாட்டேன்.)

"ஐந்தாம் வகுப்பு பெகிமாய்க்குப் படிக்க வராது." (பொய். ஆனால் நாலு வருஷமாக எல்லோரும் நம்பிய பொய். இதையே வைத்துக்கொள்வோம்.)

2

போட்டி என் யோசனை. யாரும் உட்கார்ந்து படிக்காத இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதைப் படம் எடுத்துக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தவரின் வகுப்புக்கு ஒரு மாதம் சனிக்கிழமை முற்றம் பெருக்கும் வேலை கிடையாது. புத்தகத்துக்காக யாரும் அசையவில்லை. துடைப்பத்துக்குப் பயந்து பள்ளியே அசைந்தது.

ஒருவன் அணைந்த ரொட்டி அடுப்புக்குள் இறங்கிப் படித்தான். இரட்டைச் சகோதரிகள் ஒரே குதிரைமேல் முதுகோடு முதுகு சாய்ந்து படித்தார்கள். ஒருத்தி பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படித்தாள். [அவளுக்கு அன்று நிஜமாகவே பல் பிடுங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.]

ஜெயித்தவள் பெகிமாய். கணவாய் உச்சியில் நின்ற லாரி, அதன்மேல் வைக்கோல் மலை, அதன் உச்சியில் அவள். காற்றில் சடை பறக்க, கண் புத்தகத்தில். படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினேன். படிக்கத் தெரியாத பெண் படிப்பதற்காக ஜெயித்ததில் எனக்கு உள்ளூர ஒரு

(வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். அது 'பெருமை' என்று முடிந்திருக்கும்.)

3

மூன்றாம் நாள், முதல் வகுப்பு அய்தாய் சுவரருகே நின்று கேட்டாள்.

"எஜே, அந்தக் குதிரை ஏன் செத்துக் கிடக்கு?"

"எந்தக் குதிரைம்மா?"

"புத்தகத்து மேல இருக்கே, அது. நாலு காலும் மேல இருக்கு பாருங்க."

பார்த்தேன். புத்தக அட்டையில் இருந்த குதிரை மல்லாந்து கிடந்தது. பெகிமாய் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். முந்நூறு பேர் ஓட்டுப் போட்டோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மதியத்துக்குள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"குதிரையைக் கொன்னவ வர்றா, வழி விடுங்க," என்றாள் சைக்கால், அவள் வகுப்புக்காரி. "படிக்கத் தெரியலன்னா படிக்கிற மாதிரி நடிக்கவாவது தெரியணும்டி. உன்னால நாங்க எல்லாரும் பெருக்கணும்."

தலைமையாசிரியர் சகின் அகாய் (ஆண் ஆசிரியர்களை இங்கே 'அகாய்' என்போம்) என்னைக் கூப்பிட்டார்.

"பரிசைத் திருப்பி வாங்கிடுங்க. ஏமாத்து வேலைக்கெல்லாம் பரிசு கொடுத்தா நல்லாயிருக்காது."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கறேன், அகாய்."

4

இங்கேதான் பெகிமாய்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு பெண்ணைக் கற்பனையில் செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன். அவள் சொன்னது இது:

"நான் படிச்சுட்டுதான் இருந்தேன், எஜே."

"தலைகீழாவா?"

"தலைகீழாதான் எனக்கு வரும்."

முந்தைய நாள்தான் கட்டுப் பிரித்த, இன்னும் யாரும் தொடாத புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்தாள். தடங்கல் இல்லை. காற்புள்ளியில் மூச்சு விட்டாள். கிழவன் பேசும் இடத்தில் குரலை மாற்றினாள். அரைப் பக்கம் தாண்டியதும் என்னை மறந்து தனக்காகச் சிரித்தாள். புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்தேன். முதல் சொல்லிலேயே திக்கினாள்.

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"யாருமில்ல. அண்ணன் செய்தெக் மேசையில உக்காந்து வீட்டுப்பாடம் படிப்பான். நான் எதிர்ல உக்காருவேன்."

"பக்கத்துல உக்கார வேண்டியதுதானே?"

"எதிர்ப்பக்கம்தான் கணப்பு இருக்கு. சூடா இருக்கும்."

நாலு வயதில் தொடங்கி எதிர்ப்பக்கத்திலிருந்தே எழுத்தெல்லாம் கற்றுவிட்டாள்.

"வகுப்பிலயும் திருப்பி வச்சுப் படிச்சிருக்கலாமே?"

"ஒண்ணாம் வகுப்புல வச்சேன். எங்க டீச்சருக்கு உடம்பு சரியில்லன்னு கொஞ்ச நாள் வேற ஒருத்தங்க வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை நேராக்கி, பென்சிலால மேசையைத் தட்டி, 'ஒழுங்கா வையி'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் வைக்கல."

* அந்தக் 'கொஞ்ச நாள்' மூன்று வாரம். வந்தவள் நான். பென்சில் சிவப்பு.

5

சகின் அகாய் நம்பவில்லை. நூலகத்துக்கு வந்தார், அவள் தலைகீழாகப் படிப்பதைக் கேட்டார். பிறகு அதே பக்கத்தைத் தலைகீழாகத் தானும் முயன்றார். மூன்றாம் சொல்லில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்தாம் சொல்லில் கழுத்தைச் சாய்த்தார்.

"அகாய், தலையைத் திருப்பக் கூடாது," என்றாள் பெகிமாய்.

"சரி சரி. எப்படிப் பிடிக்கணும்னு போட்டி விதியில எங்கயும் இல்ல," என்று எழுந்துகொண்டார். பரிசு தப்பியது.

அடுத்த வாரமே தலைகீழ் வாசிப்புப் போட்டி வைத்தேன். பள்ளிக்கூடமே திக்கித் திணறி விழுந்து சிரித்தது. சைக்கால் ஒரு வரியோடு நின்றாள்.

"இதை எப்படிடி பண்ற?" என்றாள் பெகிமாயிடம்.

"கணப்பு பக்கத்துல உக்காரு. நாலு வருஷத்துல வந்துரும்."

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பெகிமாய் முதல் வகுப்புக்குக் கதை படிக்கிறாள். புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் காட்டி வைத்துக்கொள்கிறாள். அவர்களுக்குப் படம் நேராகத் தெரிகிறது, அவளுக்கு எழுத்து வசதியாகத் தெரிகிறது. அய்தாய் முன்வரிசையில் உட்கார்ந்து அவளுக்கு முன்பே அடுத்த சொல்லைப் படித்துத் தொந்தரவு செய்கிறாள்.

6

இங்கே முடித்திருக்கலாம். மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. மூன்று வாரம் வந்தது யாரென்று பெகிமாய்க்குத் தெரியவே தெரியாது. (எனக்கு மிகவும் பிடித்தது.)

ஆ. ஓய்வுபெற்று வேறு ஊருக்குப் போன ஒரு டீச்சர்தான் அது. (அவருக்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன்.)

இ. பெகிமாய் பிற்காலத்தில் பெரிய... (வெட்கமாக இருக்கிறது.)

நடந்தது வேறு. போன வெள்ளிக்கிழமை, குழந்தைகள் போன பிறகு, அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்.

"பெகிமாய், பென்சிலால மேசையைத் தட்டினது நான்தான்."

அவள் கையிலிருந்த புத்தகத்தை வைக்கவில்லை. பிறகு ஒன்று சொன்னாள். ஒரே வாக்கியம். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"எஜே, நீங்க அறிக்கை எழுதறீங்களாமே."

"ஆமா."

"இப்ப நான் சொன்னதை அதுல எழுதாதீங்க."

எழுதவில்லை. அந்த வாக்கியத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம், தடையில்லை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: அதைக் கேட்டு நான் நிம்மதியானேன் என்று உங்களுக்குத் தோன்றினால், ஊகம் தப்பு.