வரிசையை விட்டுப் போனவர்கள்

நத்தார்ப் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் காலை, குருநகர் யாகோப்பு அந்தக் காரியாலயத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள தங்கள் வீடுகளுக்குக் கேக்கும் உடுப்பும் அனுப்ப ஓடர் போடும் இணையக்கடை அது. முறைப்பாடுகள் குவிந்துவிட்டதால் அன்று துஷாந்தினியையும் முன்மேசையில் இருத்தியிருந்தார்கள்.

அவளுடைய வேலை வேறு. ஓடர்கள் வரும் வேகத்தையும் கணினி அவற்றை முடிக்கும் வேகத்தையும் வைத்து, ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று முன்கூட்டியே கணிப்பது. கணினி நிமிடத்துக்குப் பத்து ஓடர் முடிக்கும். ஐந்து வந்தால் சராசரியாகப் பன்னிரண்டு செக்கன். ஒன்பது வந்தால் ஒரு நிமிடம். பத்தைத் தொட்டால் வரிசை நீண்டுகொண்டே போகும். நத்தாருக்கு ஒன்பதரை வருமென்று கார்த்திகையிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள்.

“ஒரு கிழமைக்காக இன்னொரு சேர்வரே?” என்றார் அப்போது முதலாளி கிறிஸ்ரோபர். “உந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைச்சுப் பாரும், தங்கச்சி.”

அவள் ஏழு என்று மாற்றினாள். இருபது செக்கன் என்று வந்தது. அவர் தலையாட்டினார். நத்தாருக்கு முதல்நாள் நிமிடத்துக்குப் பதினொன்றுக்கு மேல் வந்தது.

யாகோப்பு கதிரையின் நுனியில் இருந்தார்.

“சாமான் வரேல்லை எண்டு சண்டை பிடிக்க வரேல்லை, பிள்ளை. மோன் நோர்வேயிலை. அவன்ரை கலியாணத்துக்கு நான் சம்மதிக்கேல்லை. நாலு வருசமாக் கதையில்லை. இந்த நத்தாருக்கு எனக்குச் சாமான் போட்டதாத் தமக்கைக்குச் சொல்லியிருக்கிறான். அவன் போட்டவனோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

மகனின் பெயர் சூசைதாசன். முடிந்த ஓடர்களில் அந்தப் பெயர் இல்லை. காத்திருந்து வரிசையை விட்டுப் போனவர்களின் பட்டியலைத் திறந்தாள். அறுநூற்றுப் பதினேழு பேர். அதுவரை அவர்களை அவள் ஒரு சதவீதமாகத்தான் பார்த்திருந்தாள்.

“போடப் பாத்திருக்கிறார், ஐயா. மூண்டு தரம். முதல் தரம் வரிசையிலை நாலு நிமிசம் நிண்டிருக்கிறார். பிறகு பதினொரு நிமிசம். கடைசியா இருபத்தாறு.”

அவர் விரல்களை மடித்து எண்ணினார்.

“பிழை எங்கடை. இவ்வளவு பேர் வருவினமெண்டு எனக்கு முதலே தெரியும். நான்தான் குறைச்சு எழுதினனான்.”

உள்ளறையில் கிறிஸ்ரோபர் நிமிர்ந்து பார்த்தார். யாகோப்புக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

“ஏதும் எழுதி விட்டவனோ?”

“எழுதியிருந்தாலும் எங்களிட்டை வந்திராது, ஐயா. ஓடர் முடிஞ்சால்தான் அது வந்து சேரும்.”

“அப்ப அந்த நேரங்களை ஒரு கடதாசித் துண்டிலை எழுதித் தாங்கோ.”

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சற்றுக் கழித்து வெளியே பார்த்தாள். வாடைக்காற்றில் படபடத்த துண்டை மதிலோடு உள்ளங்கையால் அழுத்தியபடி, மற்றக் கையில் போனைக் காதில் வைத்து நின்றார். நோர்வேயில் இன்னும் விடிந்திராது. மகன் இன்னும் எடுக்கவில்லை போலும். அப்படியே நின்றுகொண்டிருந்தார்.