ஒழுகாத கூரை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகமே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண் மட்டும் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தாள். செல்போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகியிருந்தது. மறுமுனையில் அவளுடைய அப்பா. மலைமேல் பஸ் திரும்பும் கடைசி வளைவுக்குச் சற்று மேலே, ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவர். அதே மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் ஊருக்கு அவர் இன்னமும் டிரைவர்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை.

பேச்சு கூரையைப் பற்றியது. ஓடுகளையெல்லாம் இறக்கிவிட்டு, இரும்புக் குழாய் அடித்து, அதன்மேல் தகர ஷீட் போட்டுவிடுவது என்று மகள் முடிவு செய்துவிட்டாள். அடிவாரத்து வெல்டிங் பட்டறைக்காரர் விலையும் சொல்லிவிட்டார். மலைக்கு மேலே என்றால் எதற்குமே கூடுதல் விலைதான். லாரி வளைவு வரைக்கும்தான் வரும், அங்கிருந்து தலைச்சுமை. காற்று பலமாக அடிக்கிற இடம் என்பதால் கனமான ஷீட் வேண்டும், ஸ்க்ரூவும் நெருக்கமாக அடிக்க வேண்டும். தொகையைக் கேட்ட டிரைவர், அவ்வளவு காசைக் கொண்டுபோய்க் கூரையில் கொட்டுவானேன், ஓடு நன்றாகத்தானே இருக்கிறது என்று இழுத்தார்.

மகள் கணக்கில் புலி. சும்மா விடுவாளா?

“அப்பா, நல்லா கேளுங்க. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஓடு மாத்தறதுக்குன்னு ஒரு வாரம் லீவு போட்டுட்டு வரேன். அதுல சம்பளம் போகுது. பஸ் செலவு, புது ஓடு வாங்கற செலவு, வந்து போற அலைச்சல் வேற. ஷீட் போட்டுட்டா முப்பது வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பியே பாக்க வேணாம். அத்தனையும் மிச்சம்தானே? கூட்டிப் பாத்தா கூரை நமக்குச் சும்மா கிடைச்ச மாதிரி.”

டிரைவர், “சரிம்மா, உன் இஷ்டம்” என்றார்.

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அவள் சொன்னது கூரையைத்தான். ஆனால் அப்பாவின் மனசில் அது வேறு இடத்தில் போய்த் தைத்துவிட்டது.

அந்த ஒரு வாரம் டிரைவருக்கு எப்படிப்பட்ட வாரம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மேலே ஏறி ஓடுகளைப் பிரித்துப் போடுவார். மகள் ஏணியில் பாதி உயரத்தில் நின்று, ஒவ்வொரு ஓடாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்து மேலே கொடுப்பாள். நல்ல ஓடு கணீரென்று சொல்லும். கீறல் விட்டது மொத்தென்று சொல்லும். பாவாடை கட்டிய வயசிலிருந்தே அது அவள் வேலை. சாயங்காலம் முதுகு ஒடிந்துபோய் இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டிலில் சாய்ந்துகொள்வார்கள். வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் டிரைவர் அப்போதுதான் அவிழ்ப்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வளைவில் ஹாரன் அடிக்கத் தெரியவில்லை, அடிக்கிறதைப் பார்த்தால் எருமையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மற்ற நாளெல்லாம் போன்தான். பிள்ளைகள் படிப்பு, கணவனுக்கு ஷிப்ட் வேலை, அவளுக்கு மாதக் கடைசிக் கணக்கு. யாரைக் குறை சொல்வது?

வாய் சரி என்று சொன்னாலும் டிரைவர் லேசில் மசியவில்லை. முதலில், மரச்சட்டம் இன்னும் கல் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு, பச்சை ஷீட் கண்ணை உறுத்தும் என்றார். நீலம் என்றதற்கும் முகத்தைச் சுளித்தார். ஒவ்வொரு சாக்குக்கும் மகள் இன்னும் உயர்ந்த ஷீட்டுக்குப் போனாளே தவிர, விஷயம் என்ன என்று கேட்கவில்லை. “உங்கப்பாவுக்குக் காசுன்னா உசுரு” என்று கணவன் சிரித்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கடைசியில் கூரை ஏறியது. மகள் அலுவலகத்தில் இருந்தபடியே வீடியோவில் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “நல்லா இருக்கும்மா. பஸ் டிப்போ மாதிரி இருக்கு” என்றார் டிரைவர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவள் போனை வைத்தாள். அந்த வருடத்து லீவு அப்படியே மிச்சமாக நின்றது.

மழைக்காலம் வந்தது. ஓட்டில் விழும் மழை ஒரு மாதிரி, தகரத்தில் விழும் மழை வேறு மாதிரி. தலைக்கு மேலே நூறு பேர் பாத்திரம் உருட்டுகிறார்கள். சாயங்காலம் அவள் போன் பண்ணும் நேரம்தான் மலையில் மழை பிடிக்கும் நேரமும். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்டால், இவர் என்னது என்பார். இவர் ஏதோ கேட்டால் அவளுக்குத் தகரச் சத்தம்தான் கேட்கும். மழை விட்டதும் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாள். அந்த மாதத்தில் அங்கே மழை எங்கே விடுகிறது? வாரக்கணக்கில் அப்பாவும் மகளும் ஒரு முழு வாக்கியம் பேசிக்கொள்ளவில்லை.

டிரைவருக்கு மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கடைசி பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே போவார். கூரை ஒழுகுது வா என்று ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய வாய்க்கு, உன்னைப் பார்க்கணும் வா என்று சொல்ல வரவில்லை. சொன்னால் பிள்ளைக்குச் சுமையாகிவிடுமோ என்று பயம். அவளே செலவு என்று கணக்குச் சொன்ன பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஒரு நாள் மழை ஓய்ந்த சமயம் பார்த்து அவரே போன் செய்தார். கூரை ஒழுகுகிறது என்றார். குரலில் ஒரு உற்சாகம் இருந்ததை மகள் கவனிக்கவில்லை. கொதித்துப்போய்ப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து மறுபடி அதே இடத்தில் ஒழுகல். அவர் மறுபடி ஏறி இறங்கினார். இந்தத் தடவை அவரே மகளுக்குப் போன் பண்ணினார்.

“அம்மா, ஸ்க்ரூ லூசாகலை. ஸ்க்ரூவே இல்லை. கீழயும் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட கிடைக்கலை. காத்து ஸ்க்ரூவைக் கழட்டும்னே வெச்சுக்குவோம். கழட்டி எடுத்துட்டுப் போகுமா?”

மகளுக்குச் சுருக்கென்றது. அடிக்கவேண்டிய ஸ்க்ரூவை அடிக்காமல் விட்டுவிட்டு இப்போது காற்றின்மேல் பழி போடுகிறானே மனுஷன் என்று நினைத்தாள். வயதான ஆள் தனியாக இருக்கிறார் என்றால் எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றலாமா என்று கேட்டுவிட்டாள். நான் லீவு போட்டு வருகிறேன், நீங்களும் வாருங்கள், நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்றாள். பட்டறைக்காரர் மனம் நொந்துபோய், வருகிறேன் என்றார்.

பஸ் வளைவில் திரும்பும்போதே டிரைவர் குடையோடு நிற்பது தெரிந்தது. நிறுத்தத்தில் அவர் மட்டும்தான் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நடையில் ஒரு பக்கம் சாய்வு. கேட்டதற்கு, “வயசாகலையா, ஸ்ப்ரிங் தேய்ஞ்சு போச்சு” என்று சிரித்து மழுப்பினார். வீட்டில் அவளுடைய கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டிருந்தது. ஒழுகும் இடத்தில் வாளி இருந்தது. அது சரியாக அவளுடைய அறையில், கட்டிலைத் தொடாமல், ஜன்னலோரம் இருந்தது.

பட்டறைக்காரர் வருவதற்கு முன் தானே பார்த்துவிடலாம் என்று ஏணியைச் சாத்தினாள். வேண்டாம்மா வழுக்கும் என்று தடுத்தவர், அவள் கேட்காததால் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே அவள் அறைக்கு நேராக ஒரே ஒரு வரிசையில் மட்டும் ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ உட்கார்ந்திருந்த வட்டத் தடம் பளிச்சென்று இருந்தது. அடிக்காமல் விட்ட ஓட்டை இல்லை அது, அடித்துக் கழற்றியது. பக்கத்தில் ஷீட்டின் பெயிண்டில் ஒரு நீளமான சறுக்கல் தடம், விளிம்பு வரைக்கும் போய் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாவின் சாய்ந்த நடை நினைவுக்கு வந்தது.

இறங்கி நேராக உள்ளே போனாள். அப்பாவின் பழைய ஸ்பேனர் பெட்டி அலமாரிக்கு அடியில் இருந்தது. இரு, நான் எடுத்துத் தருகிறேன் என்று டிரைவர் பின்னாலேயே ஓடிவந்தார். அதற்குள் அவள் திறந்துவிட்டாள். எண்ணெய்த் துணியில் சுற்றி, ஸ்க்ரூக்கள் அத்தனையும் இருந்தன. ரப்பர் வாஷர்கூடத் தொலையாமல், துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். திரும்ப மாட்டும் எண்ணம் உள்ளவர்தான் அப்படி வைப்பார்.

“ஏம்பா?”

டிரைவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். திருட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார்.

“ஷீட்டுல ஒரு குறையும் இல்லம்மா. பட்டறைக்காரர் நல்லாத்தான் போட்டிருக்கார். அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. முப்பது வருஷம் ஒழுகாதுன்னு சொன்ன. அத்தனை வருஷம் நான் இருக்க மாட்டேனே. அப்புறம் நீ எதுக்கு வருவ?”

மழை ஈரத்தில், சறுக்கும் தகரத்தில், இந்த வயசில், தன்னைப் பார்ப்பதற்காக இவர் ஏறியிருக்கிறார். விளிம்பில் போய் நின்ற அந்தத் தடம் இன்னும் ஒரு அடி நீண்டிருந்தால் தனக்கு வேறு மாதிரி ஒரு போன் வந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவர் பழக்கமில்லாத கையால் அவள் தலையைத் தடவினார்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். இந்தத் தடவை மகள் மேலே, அப்பா கீழே. ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் துடைத்து ஏணி வழியாகக் கொடுத்தார். இறுக்கு, ரொம்ப இறுக்காதே, வாஷர் நசுங்கிப் போகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் புது பஸ் டிரைவரின் ஹாரனைப் பற்றி ஏதோ சொல்ல, அவள் கூரைமேல் உட்கார்ந்து சிரித்தாள்.

கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது பட்டறைக்காரர் வந்து சேர்ந்தார். சண்டைக்குத் தயாராக வந்தவர், இவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். மகள் இறங்கி வந்து கையைக் கூப்பினாள்.

“மன்னிச்சுடுங்கண்ணே. உங்க வேலையில தப்பே இல்லை. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

“அது போகட்டும்மா. ஸ்க்ரூவை எடுத்தது யாரு?”

டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பட்டறைக்காரர் கையில் வைத்து, இதை நீங்களே கொண்டுபோங்கள், இனி எனக்குத் தேவைப்படாது என்றார். சொல்லிவிட்டு, அது நிஜம்தானா என்பது போல மகளைப் பார்த்தார்.

“தேவைப்படாதுப்பா. இனிமே மாசா மாசம் வருவேன். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வருவேன். ஒழுகினாலும் சரி, ஒழுகாட்டியும் சரி” என்றாள் அவள். பிறகு, ஒன்றும் புரியாமல் ஸ்பேனரோடு நின்ற பட்டறைக்காரரிடம் திரும்பினாள்.

“கணக்குல தப்பு பண்ணினது நான்தாண்ணே. அப்பாவைப் பாக்க வர்றதைச் செலவுன்னு போட்டேன், வராம இருக்கறதை மிச்சம்னு போட்டேன். பெத்தவங்க தலைக்கு மேல கூரை போட்டுட்டா கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கறோம். அதுக்குக் கீழ அவங்க பக்கத்துல வந்து உக்காரவும் ஆள் வேணும். பிள்ளை முகத்தைப் பாக்க கூரையில ஓட்டை போடற நிலைமைக்குப் பெத்தவங்களை விடக் கூடாதுண்ணே.”