பதினாலாம் கேமரா

அன்று மதியம் அந்த முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தன்னை டீம் லீடர் என்று தானே அறிவித்துக்கொண்ட மாமா. அவர் வாயைத் திறந்தால் தன் வாயை மூடிக்கொள்ளும் அவர் மனைவி, அக்கா. மாடி அறையில் குடியிருந்தவர், நகலெடுக்கும் கடை வைத்து அதை இழுத்து மூடிய பிறகும் ஜெராக்ஸ் என்றே எல்லோராலும் கூப்பிடப்பட்டவர். அப்புறம் அக்காவின் தங்கை, சின்னவள். மேஜை விசிறியையும் சேர்த்தால் ஐந்து. மாமா பேசும்போது இடமும் வலமுமாகத் தலையை ஆட்டும் துணிச்சல் அந்த விசிறி ஒன்றுக்குத்தான் இருந்தது.

நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, நான்கு போன், நடுவில் சார்ஜர்கள் செருகிய ஒரு நீளப் பலகை. செய்த வேலை இதுதான்: எங்கோ ஒரு காட்டில் உயரமான கோபுரங்களின் மேல் கேமராக்கள் நிற்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கின்றன. அதில் காட்டுத்தீயின் புகை தெரிகிறதா என்று மனிதக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனிக்குச் சொந்தமாகக் கண் கிடையாது. அதனால் படங்களை இணையத்தில் முகம் தெரியாத ஆட்களுக்கு அனுப்பியது. படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: ‘புகை’, ‘இல்லை’. ஒரு படம் ஐந்து பேருக்குப் போகும். அதில் மூன்று பேர் எதை அழுத்துகிறார்களோ அதுதான் உண்மை. மற்றவர்களுக்கு மதிப்பெண் இறங்கும்.

உண்மையைத் தேட வேண்டியதில்லை, மூன்று பேராக இருந்தால் போதும் என்பதை மாமா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. மதிய வேளையில் படம் பார்க்க ஆட்கள் குறைவு. ஐந்து பேரில் நான்கு பேர் பெரும்பாலும் இந்த நாற்காலிகளில்தான் இருந்தார்கள். படம் வந்ததும் மாமா ஏலம் விடுகிறவர் மாதிரி குரல் கொடுப்பார். “இல்லை!” நான்கு கட்டைவிரல்கள் இறங்கும். “இல்லை!” மறுபடியும் இறங்கும். நான்கு பேருக்கும் மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. கம்பெனி நான்கு பேருக்கும் ‘நம்பகமான கண்’ என்று ஒரு பச்சை முத்திரை கொடுத்தது.

இதில் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்ன டாக்டரை, படிக்காமல் பட்டம் வாங்கியவன் என்று திட்டிவிட்டு வந்தவர். போனை மூக்கு நுனியில் ஒட்டிவைத்துக்கொண்டு பார்ப்பார். பார்ப்பார் என்பதே அதிகம். காடு தினமும் எரியாது; ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை ‘இல்லை’ என்பதே சரி. இந்தக் கணக்குக்குக் கண் எதற்கு?

பதினாலாம் கேமராவுக்கு மட்டும் தனிச்சட்டம் இருந்தது. அதன் கண்ணாடியில் இடது பக்கம் ஒரு பறவை எச்சமிட்டு, அது காய்ந்து வெளிறிய கோடாக ஒட்டியிருந்தது. ஆரம்பத்தில் ஒருநாள் ஜெராக்ஸ், மாமா கழிப்பறைக்குப் போயிருந்த சமயம், அதைப் புகை என்று அழுத்திவிட்டார். அவர் சொந்தமாகச் செய்த முதல் காரியம். அதுவும் தப்பாகப் போய், மதிப்பெண் இறங்கியது. அன்றிலிருந்து மாமா சொல்லிவிட்டார்: “பதினாலுன்னு வந்தா பார்க்கவே வேணாம். எச்சம். அழுத்திட்டு அடுத்ததுக்குப் போங்க.”

சின்னவள் மட்டும் பார்த்தாள். கடமை உணர்ச்சியெல்லாம் கிடையாது. மாமாவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல். அந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு மரக்கிடங்கின் தகரக் கூரையும், அதன் பக்கத்தில் துணி காயப்போடும் கயிறும் தெரியும். காவலாளியாக இருக்க வேண்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு நீலத்துண்டைக் காயப்போடுவான். மூன்று மாதமாக அந்தத் துண்டை அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முப்பது நாள் தொடர்ந்து மதிப்பெண் தொண்ணூற்றேழுக்குக் கீழே இறங்காமல் இருப்பவரைக் கம்பெனி ‘சரிபார்ப்பவர்’ ஆக்கும். சரிபார்ப்பவர்களுக்கு வேறு நகரத்தில் அலுவலகம், தங்குவதற்கு விடுதியில் ஒரு கட்டில். கதவைத் தட்டாமல் உள்ளே வரும் மாமா இல்லாத அறையில் ஒரு கட்டில். அவளுக்கு அன்று இருபத்தெட்டாவது நாள். பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

இரண்டு பத்துக்குப் பதினாலாம் கேமரா வந்தது. எச்சத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. மெல்லியது. மலையடியில் தொடங்கி மேலே போனது.

“இல்லை!” என்றார் மாமா.

அவள் அழுத்தினாள். இரண்டு இருபதுக்கு அந்தக் கோடு தடித்திருந்தது. அழுத்தினாள். இரண்டு முப்பதுக்கும் அழுத்தினாள். இரண்டு நாற்பதுக்குக் கயிற்றில் கிடந்த நீலத்துண்டு காற்றில் வலது பக்கம் பறந்துகொண்டிருந்தது. புதிய கோடும் வலது பக்கம் சாய்ந்திருந்தது. எச்சம் சாயாது. அப்போதும் அவள் ‘இல்லை’யைத்தான் அழுத்தினாள். விடுதிக் கட்டில் அவள் கண்ணை மறைத்தது என்று சொல்ல முடியாது. கண் நன்றாகத்தான் தெரிந்தது.

இரண்டு ஐம்பதுக்குத்தான் வாயைத் திறந்தாள். “மாமா, பதினாலுல ஒரு நிமிஷம் பாருங்க. அது எச்சம் இல்லை. காத்தடிக்கிற பக்கம் சாயுது.”

“சாயட்டும். நீயும் ஒரு பக்கமா சாஞ்சுதான் உட்கார்ந்திருக்கே, உன்னைப் புகைன்னு போடவா?”

ஜெராக்ஸ் சிரித்தார். “புகைன்னு போடவா” என்று சொல்லி இன்னொரு முறையும் சிரித்தார்.

“அண்ணே, உங்க போன்ல பாருங்க. மாமாதான் பார்க்க மாட்டேங்கிறார். உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?”

ஜெராக்ஸ் போனைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்த பிறகு போனில் இருந்தது மறைந்துவிட்டது போலிருக்கிறது. “மங்கலாத்தான்மா இருக்கு” என்றார்.

“அக்கா?”

“எனக்கென்னடி தெரியும்? அவர் சொல்றதைப் போடு. ரெண்டு நாள்ல உன் முப்பது முடியுதுல்ல? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்.”

“இல்லை!” என்று மாமா குரலை உயர்த்தினார். மூன்று கட்டைவிரல்கள் இறங்கின. சின்னவள் ‘புகை’யை அழுத்தினாள்.

அரை நிமிடத்தில் விடை வந்துவிட்டது. மூன்று நம்பகமான கண்களுக்குப் புகை தெரியவில்லை. ஆகவே புகை கிடையாது. அவளுடைய மதிப்பெண் தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. இருபத்தெட்டு நாளும் போய், திரையில் ‘நாள் 1’ என்று வந்தது. மாமா எட்டிப் பார்த்தார். இதற்கு மட்டும் அவர் கண் தெரிந்தது.

“பெரிய கலெக்டர்! ஊரே ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு சொல்லுவா. இப்ப என்ன ஆச்சு? மறுபடியும் முதல்லேருந்து. நல்லா வேணும்.”

“ஊருன்னா யாரு மாமா? நீங்களும் உங்க நகலும் எங்க அக்காவுமா?”

“ஏய், வாயை அடக்கு” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகும் மூன்று முறை பதினாலாம் கேமரா வந்தது. மூன்று முறையும் மாமா ‘இல்லை’ என்றார். மூன்றாவது படத்தில் தகரக் கூரையே தெரியவில்லை. சின்னவள் ‘புகை’யை அழுத்தி அழுத்தித் தொண்ணூற்று மூன்றுக்கு வந்திருந்தாள். அப்புறம் அந்தக் கேமராவிலிருந்து படம் வரவில்லை. “ரிப்பேர் போல” என்று சொல்லிவிட்டு மாமா தேநீர் கேட்டார். அக்கா எழுந்து போனாள்.

ஐந்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து சின்னவளுக்கு ஒரு கடிதம் போனில் வந்தது. பூங்கொத்துப் படமெல்லாம் போட்டிருந்தார்கள். பதினாலாம் கேமராப் பகுதியில் தீ பரவி மரக்கிடங்கு எரிந்துவிட்டது. கடைசியில் தகவல் சொன்னது அந்த வழியாகப் போன ஒரு லாரி ஓட்டுநர். கிடங்குக் காவலாளி இரண்டு கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இதையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி ஒரு பக்கத்துக்குப் பாராட்டு. முதன்முதலில் புகையைக் கண்டது உங்கள் கூரிய கண். ஆகவே விதியைத் தளர்த்தி உங்களைச் சரிபார்ப்பவராக நியமிக்கிறோம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரவும்.

அந்தக் கூரிய கண் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டே ‘இல்லை’ என்று நான்கு முறை அழுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே யாரும் எதையும் பார்ப்பதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. மாமா இங்கே மட்டும் இல்லை. அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தோடு சரிபார்ப்பவரின் முதல் வேலையும் வந்திருந்தது. நான்கு கணக்குகளின் எண்கள். கீழே ஒரு கேள்வி: ‘இந்த நான்கு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கலந்து பேசி விடை சொன்னார்களா?’ இரண்டு பொத்தான்கள்: ‘ஆம்’, ‘இல்லை’. ‘ஆம்’ என்றால் நான்கு கணக்கும் மூடப்படும். நான்காவது எண் அவளுடையது. அவள் கணக்கைச் சரிபார்க்க அவளுக்கே அனுப்பியிருந்தார்கள்.

ஜெராக்ஸ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக் காட்டியதும் மாமா வாய்விட்டுச் சிரித்தார். “பார்த்தியா, திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துட்டான். நல்ல கம்பெனி.” நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து நாளாகச் ‘சனியன்’ என்று கூப்பிட்டவளை இப்போது “கண்ணு” என்றார். “கண்ணு, இதுல யோசிக்க ஒண்ணுமே இல்லை. நமக்கும் வேலை நிலைக்கும், நீயும் திங்கக்கிழமை ஜம்முனு போவே. அழுத்து. இல்லை!”

“இல்லைன்னு போடும்மா” என்றார் ஜெராக்ஸ்.

“போட்டுடுடி. உனக்கும்தானே போகும்? இவ்வளவு நாள் எதுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தே?” என்றாள் அக்கா. அவள் சொந்தமாக யோசித்துச் சொன்னதாகக்கூட இருக்கலாம்.

“அந்தாளுக்கு ரெண்டு கையும் வெந்துடுச்சுக்கா.”

“அதுக்கு நாம என்னடி பண்றது? நாமளா போய் வெச்சோம்?”

“துண்டு காயப்போடுவான்” என்றாள் சின்னவள்.

“எந்தத் துண்டு?” என்று மாமா அக்காவைப் பார்த்தார். “என்ன உளர்றா இவ? இல்லை! இல்லைன்னு அழுத்து!”

சின்னவள் ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

நான்கு போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. பச்சை முத்திரைகள் சாம்பல் நிறத்துக்கு மாறின. மாமா குரல் கொடுக்காமலே அந்த வீட்டில் நான்கு போன்களும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. மாமா போனை மூக்கருகே கொண்டுபோய்ப் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜெராக்ஸ் படித்துக் காட்டினார். இந்த முறையும் ஒரு எழுத்து விடாமல் அப்படியே சொன்னார்.

“வெளியே போ” என்றார் மாமா.

“வெளியே போம்மா” என்றார் ஜெராக்ஸ், பழக்க தோஷத்தில்.

அவளுக்கு மூட்டை கட்டும் வேலைகூட இருக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். திங்கட்கிழமையும் இல்லை, விடுதிக் கட்டிலும் இல்லை. போகிற இடம் என்று ஒன்றும் இல்லை. தோழி ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்தாள், ஒரு வாரம் பொறுத்துக்கொள்வாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க. இனிமே உங்களுக்கு நேரம் இருக்குமே.”

மாமா குரல் வந்த பக்கம் திரும்பினார். அவர் பார்வை அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அக்கா கதவருகே வந்து நின்றாள். ஏதோ சொல்லப்போகிறவள் மாதிரி உதடு பிரிந்தது. அவளுடைய வலதுகைக் கட்டைவிரல் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“பூட்டு!” என்று உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.