மூன்று பூட்டுப் போட்ட எஃகுப் பெட்டி

பூட்டுக்கடைக்காரருக்கு மரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. இருபது வருடமாக இரும்பையும் எஃகையும் விற்றுப் பிழைப்பவர். மனைவி தன் கறுப்பு வெடிமருந்தை ஒரு மரப்பெட்டியில் வைத்திருப்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மனைவி பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய பாணித் துப்பாக்கியின் குழல்வாயில் மருந்தையும் குண்டையும் கெட்டித்து, இலக்குப் பலகையைச் சுடுவது அவள் விளையாட்டு. அந்த மருந்தை வாங்கவும், வீட்டில் இரண்டு கிலோ வரை வைத்திருக்கவும் உரிமம் உண்டு. அதைப் புதுப்பிக்க இன்று காலை பத்து மணிக்கு உரிம ஆய்வாளர் வருகிறார். புதுப்பிக்காவிட்டால் அடுத்த மாதப் போட்டி இல்லை. ஆறு வருடம் முட்டி மோதி இடம்பிடித்த அணியும் இல்லை.

ஆகவே அவள் குளிக்கப் போன நேரத்தில், கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார். கொக்கியில் தொங்கிய சாவியை எடுத்து மரப்பெட்டியைத் திறந்து, நான்கு டப்பாக்களையும் தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புது எஃகுப் பெட்டிக்கு மாற்றினார். சமயம் பார்த்துச் சொல்லி அசத்துவோம் என்று இருந்துவிட்டார்.

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பையில் அளவு நாடா, சிறு தராசு. மரப்பெட்டிப் பலகையின் தடிமனை அளந்தார், திருகுகளைத் தடவிப் பார்த்தார்.

“பித்தளையா? நல்லது, பொறி பறக்காது. பெட்டி ஏன் மரம்னு தெரியுமா மேடம்?”

“தெரியும் சார். இந்த மருந்து திறந்த இடத்துல பத்திக்கிட்டா புஸ்ஸுனு எரிஞ்சிடும். வர்ற புகைக்கு வழி விடாம இறுக்கிப் பிடிச்சாத்தான் வம்பு. துப்பாக்கிக் குழல்ல வேணும்னே அப்படிப் பிடிச்சுத்தான் குண்டைத் தள்ளுறோம். மரப்பெட்டி சீக்கிரமே மூட்டு விட்டு வழி குடுத்துடும். இரும்புப் பெட்டி கடைசி வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அப்புறம் சில்லு சில்லா சிதறும்.”

“அதேதான். பூட்டு எவ்வளவு உறுதியோ அவ்வளவு மோசம்,” என்றார் ஆய்வாளர்.

மனைவி சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள்.

“அதுல ஒண்ணும் இல்ல,” என்றார் பூட்டுக்கடைக்காரர்.

அவள் திரும்பினாள். “என்னங்க ஒண்ணும் இல்ல?”

“மருந்து. நான்தான் காலைல புதுப் பெட்டிக்கு மாத்தினேன். எஃகு. மூணு பூட்டு.”

“மூணா?”

“பத்தலைன்னா நாலாவதுக்கும் வளையம் இருக்கு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் பென்சிலைக் காதில் செருகினார். “எங்கே இருக்கு, காட்டுங்க.”

பக்கத்து அறையில், மேசைக்கடியில் இருந்தது. பூட்டுக்கடைக்காரர் மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். மனைவியே ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மரப்பெட்டிக்குக் கொண்டுபோனாள். மூன்றில் முத்திரை உடையவில்லை. நான்காவதை ஆய்வாளர் தராசில் வைத்து, டப்பாவின் எடையைக் கழித்தார்: நானூற்று அறுபது கிராம். அரைக் கிலோ டப்பா. அவள் பதிவேட்டில் இருபது முறை சுட்டதாக இருந்தது, ஒரு முறைக்கு இரண்டு கிராம். கணக்கு நேராக நின்றது.

“சார், நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் காலிப் பெட்டியைப் பார்த்திருப்பேன்,” என்றார் ஆய்வாளர். “‘மருந்து காணோம்’னு எழுதணும். எழுதிட்டா பிறகு நானே நினைச்சாலும் அழிக்க முடியாது. உரிமம் அங்கேயே நின்னுடும், அடுத்து போலீஸ்தான். தப்பான இடத்துல இருந்துச்சுன்னா, அங்கேயே சரி பண்ணச் சொல்லி ஒரு குறிப்பு, அவ்வளவுதான். போன மாசம் ஒரு வீட்டுல ஃப்ரிட்ஜுல இருந்துச்சு. குளுகுளுன்னு இருக்கட்டும்னு மாமியார் வெச்சாங்களாம்.”

குறிப்பில் இன்னொரு வரியும் சேர்த்தார்: சாவி உரிமக்காரரிடம் மட்டும் இருக்க வேண்டும். பிறகு முத்திரையை ஊதி, உரிமத்தில் அழுத்தினார்.

ஆய்வாளர் போனதும் பூட்டுக்கடைக்காரர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. மனைவி மரப்பெட்டிச் சாவியைப் பேருந்துச் சாவி வளையத்தில் கோத்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“அந்தப் பெட்டியை என்ன பண்றது?” என்று கேட்டார், தரையைப் பார்த்தபடி.

“உங்க வாயை அதுல போட்டுப் பூட்டலாம்னு இருந்தேன். இன்னைக்கு வேண்டாம், அந்த வாய் நல்ல வேலை செஞ்சிருக்கு.”

சீருடைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, வளையத்தைக் குலுக்கியபடி பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினாள்.