பாறைக்கு வலது பக்கம்

எங்கள் ஊரில் மழை பெய்தால் இன்டர்நெட் படுத்துவிடும். எங்கள் ஊரில் மழை பெய்யாத நாள் கிடையாது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? மீன் பண்ணைக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். மாதக் கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சர்ச் மேட்டில் ஏறி, குடைக்குள் நின்று, கல்லறைகளுக்கு நடுவே கைபேசி சிக்னலைத் தேடியிருக்கிறேன். ஊரிலேயே நல்ல சிக்னல் கிடைப்பது செத்தவர்களுக்குத்தான். அவர்களுக்கு அது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதனால் தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள், "பழைய செம்புக் கம்பியை எடுத்துவிடப் போகிறோம். பள்ளத்தை நீங்களே தோண்டிக் கொடுத்தால் ஃபைபர் போட்டுத் தருகிறோம்" என்று சொன்னவுடன், ஊர்ச் சங்கத் தலைவி என்ற முறையில் கூட்டத்தைக் கூட்டிவிட்டேன். காப்பியும் வாஃபிளும் உண்டு என்று அறிவித்ததால் ஊரே வந்தது. ஹல்டோரும் வந்தார், எதிர்ப்பதற்காக.

ஹல்டோர் என் பக்கத்து வீட்டுக்காரர். அறுபதைத் தாண்டியவர், தனிக்கட்டை. ஊரில் இருக்கும் ஒரே பொக்லைன் இயந்திரம் அவருடையது. அந்த இயந்திரத்துக்கும் அவருக்கும் ஒரே குணம்: முன்னால் போகும்போது பின்னால் என்ன உடைகிறது என்று பார்ப்பதில்லை.

"கரண்ட் போனா உங்க ஃபைபர் செத்த பாம்பு" என்று எழுந்து நின்று முழங்கினார். "செம்புக் கம்பியில கரண்ட் கூடவே வருது. போன புயல்ல ஊரே இருட்டுல கிடந்துச்சே, அப்ப யார் வீட்டு போன் அடிச்சுது? என் வீட்டு போன்!"

"அடிச்சவ நான்தான் அண்ணே" என்றேன். "நீங்க எடுத்து யாருன்னு கேட்டீங்க. அப்புறம் வெறும் கொரகொரன்னு சத்தம். நீங்க உயிரோட இருக்கீங்களா, குறட்டை விடுறீங்களான்னுகூட எனக்குத் தெரியல."

சபை சிரித்தது. ஹல்டோர் சிரிக்கவில்லை. அவருடைய உண்மையான கவலை புயலும் இல்லை, கரண்டும் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் ஃபியோர்டின் அந்தக் கரையில், மலைக்கு அடியில் ஒற்றை வீடு ஒன்று இருக்கிறது. அதில் ஹல்டோரின் அண்ணன் யோஸ்டைன் இருக்கிறார், அவரும் தனியாக. அப்பா இருவருக்கும் ஆளுக்குப் பாதியாக எங்கள் கரையில் ஒரு படகுக் கொட்டகையை விட்டுப் போனார். யோஸ்டைன் தன் பாதியை பெர்கன் நகரத்துப் பல் டாக்டர் ஒருவருக்கு விற்றார். டாக்டர் அதற்கு வாழைப்பழ மஞ்சளில் வண்ணம் அடித்தார். இன்றைக்கும் அந்தக் கொட்டகை பாதி சிவப்பாகவும் பாதி மஞ்சளாகவும் நிற்கிறது. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. ஹல்டோர் அண்ணன் பெயரைக்கூடச் சொல்வதில்லை, 'அந்தக் கரைக்காரன்' என்பார்.

ஆனால் தினமும் சாயங்காலம், டிவியில் ஏழு மணிச் செய்தி தொடங்கும்போது, ஹல்டோர் வீட்டுத் தொலைபேசி இரண்டு முறை அடித்து நிற்கும். அவர் எடுக்கமாட்டார். உடனே அவர் அந்தக் கரை வீட்டுக்கு அழைப்பார். இரண்டு முறை அடித்ததும் வைத்துவிடுவார். இவன் இருக்கிறான், அவனும் இருக்கிறான். அவ்வளவுதான் பேச்சு. கோடையில் ஜன்னல்கள் திறந்திருக்கும்போது என் சமையலறை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யோஸ்டைன் வீட்டுக்குப் போய்வரும் நர்ஸ் என்னிடம் சொன்னாள். என்னிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி.

அப்படியும் ஹல்டோர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் பூசணிக்காயே கண்ணில் படாத மாதிரி அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கூட்டத்துக்கு வந்திருந்த கம்பெனி ஆள் வெளியூர்க்காரர். அவருக்கு இதெல்லாம் தெரியாது. "அந்தக் கரையில ஒரே ஒரு வீடுதான். அதுக்காகத் தண்ணிக்கு அடியில ஃபைபர் இழுக்க முடியாது. செம்பை எடுத்ததும் அவருக்குக் கூரையில ஒரு டிஷ் வெச்சுக் குடுத்துடுவோம்" என்றார்.

"அவன் வெக்கமாட்டான்" என்றார் ஹல்டோர் சட்டென்று.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தோம். ஹல்டோரின் காது சிவந்தது.

"அவனுக்கு வானத்தைப் பார்த்து எதையும் கேக்குற பழக்கம் கிடையாது. சர்ச்சுக்கே வரமாட்டான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டெடுப்பில் ஃபைபருக்குக் கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் உயர்ந்தன. எதிர்த்து ஒரே ஒரு கை. அந்தக் கை கடைசிவரை இறங்கவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கல்லறை மேட்டில் குடை பிடித்து நின்றது ஞாபகத்துக்கு வந்தது. ஃபைபர் போடுவதாக முடிவாயிற்று என்று அறிவித்தேன்.

சனிக்கிழமை பள்ளம் தோண்டும் டுக்னாட். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல எங்களுக்கு டுக்னாட். கூலி கிடையாது, வாஃபிள் உண்டு. வராதவன் செத்திருக்க வேண்டும், அல்லது சாகப்போகிறான் என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். வேறு காரணம் எதையும் இந்த ஊர் ஏற்றுக்கொள்ளாது. அதனால் காலையில் நான் வெளியே வந்தபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே ஆசாமி, எல்லோருக்கும் முன்னால், பொக்லைன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம்னு சொன்னீங்களே அண்ணே?"

"வேண்டாந்தான். இப்பவும் சொல்றேன். வேண்டாத வேலையை அரைகுறையா வேற செய்யணுமா? நகரு, தலைவி."

மண்வெட்டி பிடித்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து தோண்டியதைவிட அவர் ஒருவர் தோண்டியது அதிகம். தோண்டத் தோண்ட ஃபைபரைத் திட்டிக்கொண்டே இருந்தார். கடற்கரைக்குப் போகும் வழியில் பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அங்கே கம்பெனி ஆள் வரைபடத்தை நீட்டினார்.

"சார், பழைய கம்பி இங்கே பாறைக்கு வலது பக்கமாப் போகுது, பார்த்து..."

"எனக்கே படம் காட்டுறியா?" என்றார் ஹல்டோர். "இந்தக் கம்பியைப் புதைச்சதே நாங்க. எங்கப்பா, நான், அப்புறம் இன்னொருத்தன். இடது பக்கம்னு நான்தான் சொன்னேன். இடது பக்கந்தான் புதைச்சோம். படத்தை மடிச்சுப் பையில வை."

பாறைக்கு வலது பக்கம் பொக்லைனை இறக்கினார். இயந்திரம் ஒருமுறை குலுங்கியது. வாளி மேலே வந்தபோது அதன் பல்லில் கறுப்புக் குழாய் ஒன்று தொங்கியது. அறுந்த முனையில் செம்பு பளபளவென்று மின்னியது.

கடைக்காரர் ஓடிப்போய்க் கடை போனை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, "போன் செத்துப்போச்சு" என்றார். எங்கள் ஊருக்கும் அந்தக் கரை வீட்டுக்கும் அது ஒன்றுதான் கம்பி. செம்பைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துப் பேசிய மனிதர், தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார், அதுவும் பொக்லைனால்.

"மெல்லிசான கம்பி. எப்படியும் அறுந்திருக்கும்" என்றார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையாம். ஆனால் வாஃபிளைத் தொடவில்லை. கம்பெனி ஆள் யார் யாருக்கோ பேசிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்கு முன் பழுது பார்க்க ஆள் வராது என்று கையை விரித்தார்.

சாயங்காலம் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மே மாதம், வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. ஹல்டோர் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எடுத்துக் காதில் வைத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். செய்தி தொடங்கியது. ஒன்றும் அடிக்கவில்லை. அவர் எழுந்து கரைப் பக்கம் போவதைப் பார்த்ததும் நானும் பின்னாலேயே ஓடினேன்.

கரையில் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணே கிளம்பிட்டீங்க?"

"வலை போட்டிருக்கேன். பாக்கணும்."

"உங்க வலை கொட்டகையில காயுது. அதோ, கண்ணுக்கு முன்னால தொங்குது."

"நீ கணக்குப் பாக்குறவளா, வலை பாக்குறவளா?" என்றார். கையில் கடப்பாரை இருந்தது. வலை பார்க்கக் கடப்பாரை எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அந்தக் கரை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மூடிக்கொண்டேன். உள்ளிருந்து யாரும் திறக்காவிட்டால் கதவை உடைக்கத்தான் அது. கேட்காமலே படகில் ஏறி உட்கார்ந்தேன். அவரும் இறங்கு என்று சொல்லவில்லை.

அந்தக் கரையில் கைபேசி எடுக்காது. மலை மறைக்கிறது. போனால்தான் உண்டு. இன்ஜின் சத்தத்துக்கு மேலே ஹல்டோர் தானாகவே பேசினார்.

"போன வாரம் லேட்டா அடிச்சான். செய்தி பாதி போனதுக்கப்புறம். இதயம் சரியில்லையாம், நர்ஸ் சொன்னா. நான் திருப்பி அடிக்கலன்னா பதறுவான். பதறக்கூடாது அவன்."

அன்றுதான் முதல்முறையாகப் பூசணிக்காயைச் சோற்றிலிருந்து அவரே எடுத்து வெளியில் வைத்தார். எனக்கு ஓட்டெடுப்பில் இறங்காமல் நின்ற அந்த ஒற்றைக் கைதான் கண்ணுக்கு முன் வந்தது.

ஃபியோர்டின் நடுவே எதிரில் இன்னொரு படகு வந்தது. துடுப்புப் படகு. நெஞ்சு வலிக்காரர் மூச்சிரைக்கத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே!" என்று கத்தினார் ஹல்டோர்.

'அந்தக் கரைக்காரன்' எங்கே போனான் என்று தெரியவில்லை. இன்ஜினை அணைத்தார். இரண்டு படகும் இடித்துக்கொண்டு நின்றன. யோஸ்டைன் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"சாகலையா நீ?"

"நீ?"

"நான் செத்திருந்தா துடுப்பு போடுறது யாரு? போன் ஏன்டா எடுக்கல?"

"எடுக்குற பழக்கம் என்னைக்கு இருந்துச்சு? கம்பி அறுந்துபோச்சு."

"எவன் அறுத்தான்?"

ஹல்டோர் தண்ணீரைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பாறைகிட்டயா?" என்றார் யோஸ்டைன். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "வலது பக்கம் தோண்டினியா? வலது பக்கந்தான் புதைக்கணும்னு அன்னைக்கே நான் சொல்லல? அப்பா நான் சொன்னதைத்தான் கேட்டார். நீ கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடிட்ட. எந்தப் பக்கம் புதைச்சோம்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"நான் ஓடல. பசிச்சுது."

"இத்தனை வருஷமா இடது பக்கம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியா?"

"அதை விடு. கறுப்புக் கோட்டு எதுக்குப் போட்டுருக்க?"

"அவசரத்துல கைக்குக் கிடைச்சுது."

அவசரத்தில் யாரும் டை கட்டுவதில்லை. கட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தம்பியின் சாவுக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

"அந்தக் கடப்பாரை?" என்று கேட்டார் யோஸ்டைன்.

"வலை பாக்க."

யோஸ்டைன் தன் படகுக் கயிற்றைத் தம்பியிடம் எறிந்தார். "நாளைக்கு எப்படிடா தெரிஞ்சுக்கிறது? நீ உயிரோட இருக்கியா இல்லையான்னு?"

"அறுத்தவன் நான்தானே. நானே வரேன்" என்றார் ஹல்டோர், கயிற்றை முடிந்துகொண்டே.

அன்று அண்ணன் படகைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கரையில் விட்டோம். மறுநாளும் ஹல்டோர் போனார். அதற்கு மறுநாளும் போனார். போகும்போது முகம் சிடுசிடுவென்று இருக்கும். "கம்பியை அறுத்த பாவத்துக்குத் தண்டனை" என்பார். திரும்பும்போது விசில் அடித்துக்கொண்டு வருவார். தண்டனை அனுபவிக்கிறவன் விசில் அடித்து நான் கேட்டதில்லை.

பழுது பார்க்கிறவர் வந்து, செம்புக் கம்பியை எடுக்கும் வரைக்கும் தாங்கட்டும் என்று ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார். நான் ஹல்டோரிடம் ஓடினேன்.

"அண்ணே, போன் வந்துடுச்சு!"

"கத்தாதே" என்றார் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டே. "தண்ணி மேல சத்தம் அந்தக் கரை வரைக்கும் போகும். அவனுக்குத் தெரியவேணாம்."

மறுநாள் கடையில் யோஸ்டைனைப் பார்த்தேன். இவ்வளவு வருஷமும் மலையைச் சுற்றி அடுத்த ஊர்க் கடைக்குப் போனவர். கூடையில் காப்பித்தூளும் பழுப்புச் சீஸும் இருந்தன, ஒற்றை ஆளுக்கு அதிகமாகவே. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என் வீட்டுல போன் நேத்தே வந்துடுச்சும்மா. தம்பிகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா வரமாட்டான்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன கம்பியா?" என்று சிடுசிடுத்தேன். வெளியே வந்து கார் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணிச் செய்தி தொடங்கியது. எனக்குள் ஒரு குறும்பு. தொலைபேசியை எடுத்து ஹல்டோர் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். ஜன்னல் வழியாகச் சத்தம் நன்றாகவே கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகும் நான் வைக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வீட்டில் ஆள் இல்லை. படகு அதற்குள் ஃபியோர்டில் பாதி தூரம் போயிருந்தது.